இரண்டு வருடம் கரையில் நின்ற ஃபைபர் படகை ட்ரோலிங் சீசனுக்குத் தயார் செய்வது: எதில் தொடங்குவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 21 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறீர்கள். பின்னால் வெளியே மாட்டிய 60 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார். இரண்டு வருடமாக டிரெய்லரிலேயே நின்றிருக்கிறது. பொங்கல் கழிந்ததும் புதுச்சேரியிலிருந்து வஞ்சிரத்துக்கும் பாறை மீனுக்கும் ட்ரோலிங் (ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துப் பிடிப்பது) போக ஆசை. எந்த ஃபிஷ் ஃபைண்டர் வாங்கலாம், ராடு ஹோல்டர் எத்தனை போடலாம் என்று கேட்கிறீர்கள். இவை இரண்டுக்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கரையிலிருந்து பத்துக் கடல் மைல் போய், பிற்பகல் கடல்காற்று ஏறுவதற்குள் இந்தப் படகு தன் மோட்டாரிலேயே திரும்பி வருமா? பழைய படகு வாங்குகிறவர்கள் பலரும் முதல் பணத்தைக் கண்ணுக்குத் தெரியும் சாமான்களில் போட்டுவிடுகிறார்கள். டிரான்சம் (மோட்டார் தொங்கும் பின்சுவர்), எரிபொருள், மோட்டாரின் குளிர்நீர், மின்சாரம் என்ற வரிசையில் வேலையை முடித்துவிட்டு, தூண்டில் சாமான்களுக்குக் கடைசியாக வாருங்கள். காரணம் எளிது. ஃபிஷ் ஃபைண்டரின் டிரான்ஸ்டியூசரை (நீருக்குள் ஒலியை அனுப்பி வாங்கும் பாகம்) டிரான்சத்தில்தான் திருக வேண்டும். அந்த டிரான்சம் உள்ளே ஊறிப்போயிருந்தால் நீங்கள் போட்ட புது ஓட்டையோடு சேர்த்து முழுதையும் மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும்.

டிரான்சம் என்பது வெளியே ஃபைபராகத் தெரிந்தாலும் பெரும்பாலான படகுகளில் நடுவில் பிளைவுட் இருக்கும். மோட்டார் போல்ட், வடிகால் துளை, முன்பு யாரோ திருகிவிட்டுப் பிடுங்கிய திருகாணி என்று ஏதாவது ஒரு துளை வழியாக நீர் இறங்கி, பிளைவுட் உள்ளுக்குள்ளேயே மக்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தை வைத்து இதை யாராலும் சொல்ல முடியாது, கையால்தான் பார்க்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் ஒரு சாண் இடைவெளியில் டிரான்சம் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் 'டக்' என்று கூர்மையாகக் கேட்கும். ஊறிய இடத்தில் சத்தம் அமுங்கி 'தொப்' என்று வரும். பிறகு மோட்டாரைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் அடிமுனையைப் பிடித்து மேலும் கீழும் பலமாக அசையுங்கள். இன்னொருவர் டிரான்சத்தின் மேல் விளிம்பையும் அது பக்கவாட்டோடு சேரும் மூலைகளையும் பார்க்கட்டும். மேல் விளிம்பு முன்பின்னாக ஆடினாலோ மூலையில் மயிரிழை விரிசல் திறந்து மூடினாலோ சந்தேகம் வேண்டாம். நிச்சயப்படுத்திக்கொள்ள, உள்பக்கத்தில் அடிமட்டத்துக்குப் பக்கமாக 3 மி.மீ. துளை ஒன்று போட்டுத் தூளைக் கையில் வாங்கிப் பாருங்கள். வெளிர் நிறத்தில் உலர்ந்து சுருளாக வந்தால் மரம் நன்றாக இருக்கிறது. கறுத்து, ஈரமாக, புளித்த வாடையோடு வந்தால் மரம் போய்விட்டது. பார்த்த பிறகு அந்தத் துளையை எபாக்ஸியால் அடைக்க மறக்காதீர்கள்.

மரம் போயிருந்தால் வேலை பெரியதுதான், ஆனால் செய்யக்கூடியது. மோட்டாரை இறக்கி, உள்பக்க ஃபைபர் தோலை மட்டும் வெட்டியெடுத்து, ஊறிய பிளைவுட்டைச் சுரண்டி, வெளித்தோலை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வைக்கும் பிளைவுட் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளையாக இருக்கட்டும். 18 அல்லது 19 மி.மீ. பலகை இரண்டை ஒன்றோடொன்று ஒட்டினால் பழைய தடிமனுக்குப் பக்கம் வரும். வெட்டும்போதே பழையதை அளந்து குறித்துக்கொண்டு அதற்கு ஒப்ப வையுங்கள். பலகையின் வெட்டு விளிம்புகளுக்குத்தான் முதலில் ரெசின் குடிக்கக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் நீர் உள்ளே போவது அந்த வழியாகத்தான். பழைய ஃபைபரோடு புதியது சேரும் இடத்தைச் சாய்வாகத் தேய்த்து எடுங்கள். தோல் 5 மி.மீ. தடிமன் என்றால் சாய்வு குறைந்தது 60 மி.மீ. நீளம் இருக்கட்டும். விளிம்போடு விளிம்பு வைத்து ஒட்டினால் முதல் சீசனிலேயே அந்தக் கோட்டில் விரிசல் விடும். எந்த ரெசின் என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து உண்டு. பழைய ஃபைபரில் எபாக்ஸி உறுதியாகப் பிடிக்கும், விலை அதிகம். பாலியெஸ்டர் மலிவு, படகுக் கூடங்களில் பழகிய பொருள், ஒட்டும் பலம் குறைவு. இந்த வேலைக்கு என் பரிந்துரை எபாக்ஸி. ஆனால் ஒன்று கவனியுங்கள். சாதாரண சாப்டு மேட்டில் (துண்டு இழைகளை ஒட்டிச் செய்த ஃபைபர் விரிப்பு) உள்ள பசை பாலியெஸ்டரில்தான் கரையும். எபாக்ஸிக்கு மேட் வாங்காமல் தைத்த பைஆக்சியல் (இரு திசை இழை) துணி வாங்குங்கள். எபாக்ஸிமேல் பின்னால் பாலியெஸ்டர் பூசினால் சரியாகப் பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாலியெஸ்டரே போதும் என்று முடிவு செய்தால், இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். நம் ஊர்க் கடைகளில் ரெசின், கோபால்ட் (வேகமூட்டி), கேட்டலிஸ்ட் (இறுகவைக்கும் திரவம்) மூன்றும் தனித்தனிப் புட்டியில் தருவார்கள். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் ரெசினில் கோபால்ட்டை ஊற்றி நன்றாகக் கலக்கி, அதன் பிறகே கேட்டலிஸ்ட். ஒரே அளவுக் கோப்பையை இரண்டுக்கும் பயன்படுத்தவே கூடாது. கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசின் கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள். கேட்டலிஸ்ட் ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி என்ற வரம்புக்குள் இருக்கும். வெயில் நேரத்தில் கீழ் அளவே போதும். அதற்குமேல் ஊற்றினால் வேகமாக இறுகி, சூடேறி, விரிசல் விட்டு நிற்கும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, தேய்க்கும்போது சரியான முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வைக்கே ஆபத்து.

காலம் பற்றியும் ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும். உலராத பிளைவுட்டை ஃபைபருக்குள் மூடினால் புது டிரான்சத்துக்குள் நீங்களே நீரை அடைத்து வைத்த மாதிரி. மழைக்கு நடுவில் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். மூடிய கூடம் கிடைத்தால் சரி. இல்லையென்றால் மழைக்காலத்தில் மோட்டாரையும் வயரிங்கையும் முடித்துவிட்டு, மார்கழிக் கடைசியில் நாலு நாள் வெயில் அடித்ததும் டிரான்சத்தைத் தொடுங்கள். நான் சொன்ன வரிசை இதனால் கொஞ்சம் மாறினாலும் தவறில்லை, புதுத் துளைகளை மட்டும் டிரான்சம் முடியும் வரை போடாதீர்கள். சீசன் இரண்டு வாரம் தள்ளிப் போகலாம், போகட்டும்.

மோட்டாரைத் திருப்பி ஏற்றும்போது போல்ட் துளைகளில்தான் பாதி எதிர்காலம் இருக்கிறது. 12 மி.மீ. போல்ட்டுக்கு 18 மி.மீ. அளவில் துளையிட்டு, கெட்டியாக்கிய எபாக்ஸியால் முழுதும் நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் 12 மி.மீ. துளை போடுங்கள். இப்போது போல்ட்டைச் சுற்றி எபாக்ஸிச் சுவர் இருக்கும், கசிந்தாலும் நீர் மரத்தைத் தொடாது. போல்ட் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ், உள்பக்கம் அகலமான வாஷர் அல்லது தகடு, இடையில் பாலியூரித்தேன் சீலன்ட். சிலிகான் வேண்டாம், பிடிமானம் குறைவு. அது பட்ட இடத்தில் பின்னால் வேறு எதுவும் ஒட்டாது. உயரம் வைக்கும்போது, புரொப்பல்லருக்கு மேலே உள்ள தட்டையான தகடு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் மேலாகவோ வரட்டும். மிகத் தாழ வைத்தால் இழுவை கூடி பெட்ரோல் குடிக்கும். மிக மேலே வைத்தால் அலையில் திரும்பும்போது புரொப்பல்லர் காற்றை வாங்கி வழுக்கும்.

அடுத்தது எரிபொருள். இரண்டு வருடப் பெட்ரோலில் புதுப் பெட்ரோலை ஊற்றிச் சரிக்கட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், முழுதையும் இறக்கிவிடுங்கள். இப்போது பங்க்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், பெரும்பாலும் 20 சதவீதம். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஓர் அளவைத் தாண்டியதும் நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டாங்கின் அடியில் போய் உட்காரும். மோட்டார் முதலில் உறிஞ்சுவது அந்த அடித்தண்ணீரைத்தான். இது உறுதியான விஷயம். எத்தனை நாளில் பிரியும் என்பதை மட்டும் யாரும் நாள் குறித்துச் சொல்ல முடியாது. டாங்க் எவ்வளவு காலியாக இருக்கிறது, காற்று எவ்வளவு ஈரம் என்பதைப் பொறுத்தது அது. அவுட்போர்டு நிறுவனங்களின் கையேடுகளில் பெரும்பாலானவை 10 சதவீத எத்தனால் வரைதான் ஒப்புக்கொள்கின்றன. உங்கள் மாடலின் கையேட்டில் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நடைமுறையில் செய்யக்கூடியது இதுதான்: போகும் நாளன்று வாங்கிய பெட்ரோல், 10 மைக்ரான் நீர்ப்பிரிப்பு ஃபில்டர், எத்தனால் தாங்கும் என்று எழுதியிருக்கும் புதுக் குழாய், புது பிரைமர் பல்பு (கையால் அழுத்திப் பெட்ரோலை ஏற்றும் ரப்பர் குமிழ்). பல்பின் அம்புக்குறி மோட்டாரைப் பார்க்க வேண்டும். பல்பு உறிஞ்சிச் சப்பையாகவே நின்றால் அடைப்பு டாங்க் பக்கம் இருக்கிறது, காற்றுத்துளையை முதலில் பாருங்கள். எவ்வளவு அழுத்தியும் கெட்டிப்படாவிட்டால் எங்கோ காற்று இழுக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடித்தளத்தில் தேங்கும். மூடிய அறை எதுவானாலும் திறந்து முகர்ந்து பார்க்காமல் சாவியைத் திருப்பாதீர்கள்.

மோட்டாரை 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று முதலில் கிராங்க் அடிக்க வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, ஃப்ளைவீலை அது வழக்கமாகச் சுற்றும் திசையில் கையால் திருப்புங்கள். தடையில்லாமல் சுற்றினால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்கலாம். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் போனால் மற்ற செலவையெல்லாம் நிறுத்திவிட்டு நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள், அது எழுத்தில் தீர்க்கும் வேலை அல்ல. எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் புதிது. ஆயில் நான்கு ஸ்ட்ரோக் மரைன் ரகமாக இருக்கட்டும், கார் ஆயிலில் உப்புக்கான துருத்தடுப்பு போதாது.

கடலில் அவுட்போர்டை நிறுத்துவதில் முதல் வரிசையில் நிற்பது நீர்ப்பம்பு இம்பெல்லர். உள்ளங்கைக்குள் அடங்கும் ரப்பர் சக்கரம் அது. நிற்கும் மோட்டாரில் அதன் இதழ்கள் ஒரே பக்கம் மடங்கியபடி கிடந்து அப்படியே விறைத்துவிடும். பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். முகத்துவாரத்தின் மணல் கலந்த நீரில் போய்வரும் படகுக்கு இம்பெல்லரை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான். அது சுற்றும் உலோகக் கிண்ணத்தையும் அடித்தகட்டையும் மணல் கீறியிருக்கும். நகத்தை ஓட்டிப் பாருங்கள், மாட்டினால் அவற்றையும் மாற்ற வேண்டும். கிண்ணத்தை இறக்கும்போது டிரைவ் ஷாஃப்டை மேலிருந்து பார்க்க வலச்சுற்றாகத் திருப்பிக்கொண்டே இறக்குங்கள், பெரும்பாலான மோட்டாரில் இதழ்கள் மடங்க வேண்டிய திசை அதுதான். பழைய இம்பெல்லரில் இதழ் உடைந்து காணாமல் போயிருந்தால் அந்தத் துண்டு மேலே எங்கோ நீர்வழியில் கிடக்கிறது. அதைத் தேடி எடுக்காமல் மூடாதீர்கள். தெர்மோஸ்டாட்டை வீட்டிலேயே சோதிக்கலாம். வால்வைக் கொஞ்சம் திறந்து இடுக்கில் ஒரு நூலை விட்டுப் பிடிக்கவைத்து, அந்த நூலாலேயே தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். வால்வு திறக்கும் நேரத்தில் நூலை விட்டுக் கீழே விழும். அப்போது வெப்பமானி காட்டும் அளவு கையேட்டோடு ஒத்துப்போக வேண்டும்.

கியர் ஆயிலை இறக்கும்போது நிறத்தைப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் சீல் வழியாக நீர் போயிருக்கிறது. மீன்பிடிப் படகில் இதற்கு வழக்கமான குற்றவாளி தங்கூசிதான். புரொப்பல்லரைக் கழற்றி அதன் பின்னால் உள்ள வாஷருக்குள் பாருங்கள். சுற்றிக்கொண்ட பிரெய்டு (பின்னிய தூண்டில் நூல்) சூட்டில் உருகி வளையமாக இறுகி, சீலை அறுத்திருக்கும். வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியாது. இனி சீசன் முழுக்க அடிக்கடி கழற்றிப் பார்ப்பது நல்லது. புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாகவே ஏற்ற வேண்டும். மேல் துளையில் குமிழியில்லாமல் வழிந்ததும் மேல் திருகை முதலில் மூடி, பிறகே கீழ்த் திருகு. இரண்டுக்கும் புது வாஷர். ஆனோடு (மோட்டாருக்குப் பதில் தான் அரிக்கப்படும் உலோகக் கட்டி) துத்தநாகமோ அலுமினியமோ இருக்கட்டும், மெக்னீசியம் நன்னீருக்கு மட்டும். பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள், எக்காரணம் கொண்டும் அதன்மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள்.

மின்சாரத்தில் பாதிக்கு மேற்பட்ட கோளாறு இணைப்புகளில்தான். முறுக்கி டேப் சுற்றிய ஒவ்வோர் இணைப்பையும் வெட்டியெறிந்து, ஈயம் பூசிய செம்புக் கம்பி, கிரிம்ப், பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். சாதாரணச் செம்பு உப்புக்காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துக்கொண்டு போகும். நுனியை உரித்துப் பார்த்துச் செம்பு பளபளக்கும் இடம் வரை வெட்டுங்கள். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டுக்குமேல் காட்ட வேண்டும். கிராங்க் அடிக்கும்போது 10-க்குக் கீழே போனால் பேட்டரியோ கேபிளோ சரியில்லை. பில்ஜ் பம்பின் (படகுக்குள் தேங்கும் நீரை வெளியேற்றுவது) மிதவை ஸ்விட்சுக்குப் பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர், தனி ஃப்யூஸ். மெயின் ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் அது வேலை செய்ய வேண்டும். மோட்டார் ஓடும்போது மெயின் ஸ்விட்சை அணைத்தால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ரெக்டிஃபையர் போய்விடும், கூட வருபவர்களிடமும் சொல்லி வையுங்கள். ஸ்டியரிங் கேபிள் கனமாக இருந்தால் கிரீஸ் அடித்துச் சமாளிக்காமல் மாற்றிவிடுங்கள். கில் ஸ்விட்ச் கயிற்றை இழுத்தால் மோட்டார் அந்த நொடியே நிற்க வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஃபிஷ் ஃபைண்டருக்குப் பெரிய தொகை தேவையில்லை. 15 முதல் 25 பாகம் (ஒரு பாகம் ஆறு அடி) ஆழத்தில் வஞ்சிரம் தேடுவதற்கு 200 கிலோஹெர்ட்ஸ் சோனாரும் ஜி.பி.எஸ். குறியிடும் வசதியும் போதும். திரையின் அளவைவிட, பார் (கடலடிப் பாறைத்திட்டு) இருக்கும் இடங்களை நீங்களே குறித்துச் சேர்ப்பதுதான் மீன் தரும். டிரான்ஸ்டியூசரை நேராக டிரான்சத்தில் திருகாமல், நீருக்கடியில் வரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பலகையை ஒட்டி அதில் திருகுங்கள். பின்னால் எத்தனை முறை இடம் மாற்றினாலும் படகில் ஓட்டை விழாது. அதன் அடிப்பக்கம் படகின் அடியைவிட 3 மி.மீ. தாழ்ந்து, அடிவரைகளுக்கு (அடியில் நீளவாக்கில் ஓடும் மேடுகள்) நேர் பின்னால் வராமல், புரொப்பல்லரிலிருந்து ஒன்றேகால் அடியாவது தள்ளி இருக்கட்டும். வேகத்தில் படம் அறுந்தால் குமிழி அடிக்கிறது என்று பொருள், கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். கேபிள் நீளம் அதிகமென்று வெட்டாதீர்கள், சுருட்டி வையுங்கள்.

ராடு ஹோல்டர் நான்கு போதும். பின்னோரம் இரண்டு, நடுவிலிருந்து சற்றுப் பின்னால் வெளிப்பக்கம் சாய்ந்தபடி இரண்டு. 21 அடிப் படகில் ஆறு கோடு ஓட்டினால் முதல் திருப்பத்திலேயே சிக்கும். முக்கியம் எண்ணிக்கை அல்ல, பிடிமானம். மரத் திருகாணியில் நிற்கும் ஹோல்டரை ஒரு நல்ல மீன் ராடோடு சேர்த்துக் கடலுக்குள் கொண்டுபோய்விடும். போல்ட் ஊடுருவிப் போய்க் கீழே தகடு பிடிக்க வேண்டும். ரீலின் டிராகை (மீன் இழுக்கும்போது நூலைப் பிடித்துவிடும் இறுக்கம்) விரலால் இழுத்து மதிப்பிடாமல் தராசு மாட்டிப் பாருங்கள். 50 பவுண்டு கோட்டுக்கு நான்கில் ஒரு பங்கு என்றால் ஏறக்குறைய 5.5 கிலோ. டிரிபிள் முள் உள்ள பிளக் என்ற போலி இரையில் வஞ்சிரம் அடிக்கும்போது அதையும் குறைத்து 3 முதல் 4 கிலோவில் வைப்பது என் பழக்கம், இறுக்கினால் வாய் கிழிந்து போய்விடும். முன்னால் ஒரு துண்டு ஒற்றைக் கம்பி லீடர் கட்டாமல் அந்தப் பல்லுக்கு முன் நிற்காது. ராடு வளையங்களுக்குள் ஒரு பஞ்சுத் துண்டை உருவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் பஞ்சு இழை அதில் மாட்டிக்கொள்ளும். அந்த வளையம்தான் உங்கள் பிரெய்டை அறுக்கப்போகிறது.

இதெல்லாம் முடிந்ததும் ராடு இல்லாமல் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், வழக்கமாக வரும் ஆட்கள், ஐஸ், பெட்ரோல் எல்லாம் ஏற்றிக்கொண்டு. முழு திராட்டிலில் ஆர்.பி.எம். கையேட்டு வரம்புக்குள் வர வேண்டும், இந்த ரக மோட்டார்களில் பெரும்பாலும் 5000 முதல் 6000. அதை எட்டாமல் திணறினால் புரொப்பல்லர் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) அதிகம். ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 ஆர்.பி.எம். கூடும். பெட்ரோல் கணக்கில் போக மூன்றில் ஒன்று, வர மூன்றில் ஒன்று, மிச்சம் தொடக்கூடாதது. புறப்படுமுன் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் (கடல் தகவல் சேவை மையம்) வெளியிடும் கடல்நிலை முன்னறிவிப்பைப் பாருங்கள். வி.எச்.எஃப். ரேடியோவில் 16-ஆம் சேனல், கடலோரக் காவல்படையின் 1554 எண், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இல்லாமல் முகத்துவாரத்தைத் தாண்டாதீர்கள். படகு எந்த வகையில் பதிவாகியிருக்கிறது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம் உங்களை எப்படித் தொடும் என்பதை மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். இதில் மன்றத்தில் வரும் பதில்களை, என்னுடையதையும் சேர்த்து, ஆதாரமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

படகில் எப்போதும் இருக்க வேண்டிய உதிரிகள்: ஒரு புரொப்பல்லர், அதன் நட்டும் காட்டர் பின்னும், அதற்குப் பொருந்தும் ஸ்பேனர், ஃப்யூஸ்கள், நீர்ப்பிரிப்பு ஃபில்டர் ஒன்று, பிரைமர் பல்பு, இரண்டு ஸ்பார்க் பிளக், 50 மீட்டர் கயிற்றோடு நங்கூரம். இம்பெல்லரைக் கடலில் மாற்ற முடியாது, அதனால்தான் கரையிலேயே மாற்றச் சொன்னேன். கரை வந்ததும் மோட்டாருக்குப் பத்து நிமிடம் நன்னீர் விடுங்கள். பக்கத்திலுள்ள ஃப்ளஷ் குழாய் வழியாக விட்டால் பல மாடல்களில் எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், அந்த நீர் பம்புக்குப் போகாது. மஃப் (மோட்டாரின் நீர்த்துளைகள்மேல் மாட்டும் ரப்பர் கிண்ணம்) மாட்டி விட்டால் ஐடிலில் மட்டும் ஓட்டி, பின்னால் பீய்ச்சும் நீர்த்தாரையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக, விட்டுவிடாமல் வர வேண்டும்.